இன்டர்செப்ஷனுக்கு எத்தனை, ஃபம்பிளுக்கு எத்தனை? ஃபேன்டசி ஃபுட்பால் லீக்கில் குவாட்டர்பேக்கின் பந்து இழப்புக்குப் புள்ளி கழிக்க முழுமையான வழிகாட்டி

என்.எஃப்.எல். (அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்) ஆட்டங்களை வைத்து ஃபேன்டசி லீக், அதாவது உண்மையான ஆட்டக்காரர்களைத் தேர்ந்து அவர்கள் களத்தில் செய்வதற்குப் புள்ளி எண்ணும் போட்டி, நடத்தும் கமிஷனர்களுக்காகவும், விதியை மாற்றச் சொல்லி அவர்களிடம் வாதாடும் உறுப்பினர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். குவாட்டர்பேக் (அணிக்காகப் பந்தை எறிபவர்) பந்தை எதிரணியிடம் இழந்தால் எத்தனை புள்ளி கழிப்பது என்ற கேள்வி வந்ததும் புதியவர்கள் நேராக எண்ணில்தான் கை வைக்கிறார்கள். ஒருவர் -1 என்பார், இன்னொருவர் -4 என்பார். ஏன் என்று கேட்டால் இருவரிடமும் பதில் இருக்காது.

அந்த எண் கடைசியில் வர வேண்டியது. யார்டுக்கும் டச்டவுனுக்கும் (பந்தை எதிரணியின் எல்லைப் பகுதியான எண்ட் சோனுக்குள் கொண்டுசேர்ப்பது) எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் கழிவு பெரிதா சிறிதா என்றே சொல்ல முடியும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டச்டவுன் பாஸுக்கு 4 புள்ளி தரும், அணிக்கு ஒரே குவாட்டர்பேக் ஆடும் லீக்கில் இன்டர்செப்ஷனுக்கு (எறிந்த பந்தை எதிரணி பிடிப்பது) -3, இழந்த ஃபம்பிளுக்கும் (கையிலிருந்து நழுவி எதிரணியிடம் போன பந்து) -3. அதற்குத் துணிவில்லாத லீக் -2 வைத்துக்கொள்ளலாம். -1 போதாது. -4 வாரக் கணக்கைக் குலைத்துவிடும். உங்கள் லீக்கின் விதிகள் வேறாக இருந்தால் எண்ணும் வேறாகலாம். அதைக் கண்டுபிடிக்கும் வழிதான் கீழே வருகிறது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, உங்கள் லீக்கின் தற்போதைய புள்ளி விதிகள் முழுவதும். நினைவிலிருந்து சொல்லாதீர்கள், தளத்தின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். வழக்கமான அமைப்பில் இன்டர்செப்ஷனுக்கு இஎஸ்பிஎன் -2 கழிக்கிறது, யாஹூவும் ஸ்லீப்பரும் -1 கழிக்கின்றன. ஒரு தளத்தில் ஆடிப் பழகியவர் வேறு தளத்துக்கு வந்தால் பழைய எண்ணே இங்கேயும் இருப்பதாக நினைத்துக்கொண்டு பேசுவார். பாதி வாக்குவாதம் இதிலிருந்தே கிளம்புகிறது.

இரண்டாவது, முடிந்துபோன ஏதாவது ஒரு பருவத்தின் முழுப் புள்ளிவிவரம். ப்ரோ ஃபுட்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அங்கே பாஸிங் பட்டியலை மட்டும் எடுத்தால் இழந்த ஃபம்பிள் கிடைக்காது. ஃபேன்டசி பட்டியலையும் சேர்த்து எடுக்க வேண்டும். அதில் ஃபம்பிளுக்கு இரண்டு பத்திகள் உண்டு. ஒன்று நழுவவிட்டவை எல்லாம், இன்னொன்று எதிரணியிடம் போனவை மட்டும். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. அவசரத்தில் முதல் பத்தியை எடுத்துக் கூட்டிவிட்டு, கணக்கு ஏன் தளத்தோடு ஒத்துப்போகவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் நிறைய.

மூன்றாவது, ஒரு எக்செல் தாள். நான்காவது, விதியை மாற்ற எத்தனை பேர் சம்மதிக்க வேண்டும் என்ற முன்னொப்பந்தம். இது இல்லாமல் கணக்குப் போட்டால், யாருடைய ஆட்டக்காரர் அடிபடுகிறாரோ அவர் கணக்கையே மறுப்பார்.

2. யார்டையும் டச்டவுனையும் முதலில் முடிவு செய்யுங்கள்

பரவலாக உள்ள விதி இது: எறிந்த 25 யார்டுக்கு 1 புள்ளி, டச்டவுன் பாஸுக்கு 4, ஓடிய 10 யார்டுக்கு 1, ஓடிப் போட்ட டச்டவுனுக்கு 6. சில லீக்குகள் 20 யார்டுக்கு 1 தருகின்றன. சிலவற்றில் டச்டவுன் பாஸுக்கும் 6 உண்டு.

இவற்றை முடிவு செய்யாமல் கழிவைப் பேசுவதில் பயனில்லை. டச்டவுனுக்கு 4 தரும் லீக்கில் -2 என்பது பாதி டச்டவுன். 6 தரும் லீக்கில் அதே -2 மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. எண் மாறவில்லை, தண்டனை மட்டும் இளகிவிட்டது.

நான் பார்த்தவரை கமிஷனர்கள் மிக அதிகமாகத் தடுக்கி விழும் இடம் இதுதான். ஓட்டக்காரர்களுக்குச் சமமாக இருக்கட்டும் என்று டச்டவுன் பாஸை 4-இலிருந்து 6 ஆக்குவார்கள். இன்டர்செப்ஷன் எண்ணைத் தொடமாட்டார்கள். விளைவு, கண்ணை மூடிக்கொண்டு எறிகிற குவாட்டர்பேக்கின் விலை ஏறிவிடும். ஒன்றைத் தொட்டால் மற்றதையும் திரும்பப் பாருங்கள்.

3. எதையெல்லாம் பந்து இழப்பாக எண்ணுவது

எறிந்த பந்தை எதிரணி பிடித்தால் இன்டர்செப்ஷன். கையிலிருந்த பந்து நழுவினால் ஃபம்பிள். அதை எதிரணி கைப்பற்றினால் இழந்த ஃபம்பிள். பந்து எதிரணியின் எண்ட் சோன் வழியாக வெளியே உருண்டு போனாலும் அது இழந்த ஃபம்பிளே. இந்த இரண்டு வகைகள் போதும்.

நான்காவது டவுனில் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் கடைசியில்) தேவையான யார்டு கிடைக்காமல் பந்தை ஒப்படைப்பதைச் சிலர் சேர்க்கச் சொல்வார்கள். வேண்டாம். அது பயிற்சியாளர் எடுக்கும் முடிவு. தனி ஆட்டக்காரர் கணக்கில் அது பந்து இழப்பாகப் பதிவாவதும் இல்லை. டச்டவுனுக்குப் பிந்தைய இரண்டு புள்ளி முயற்சியில் பிடிபட்ட பந்தும் இன்டர்செப்ஷன் கணக்கில் வராது. இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், யாராவது ஒருவர் கேட்பார்.

சொந்த அணி ரிசீவரின் (பந்தைப் பிடிக்க ஓடுபவர்) கையில் பட்டுத் தெறித்து எதிரணியிடம் போன பந்தும் குவாட்டர்பேக்கின் தலையில்தான் விழும். அநியாயம்தான். ஆனாலும் யார் குற்றம் என்று லீக்குக்குள் தீர்ப்பு சொல்ல உட்கார்ந்தால் பருவம் முழுவதும் அதுவே வேலையாகிவிடும். அதிகாரப்பூர்வப் பதிவை அப்படியே ஏற்றுக்கொள்வதுதான் நடைமுறைக்கு ஒத்து வரும்.

4. யார்டு வழியாக இன்டர்செப்ஷனின் விலையைக் கணக்கிடுங்கள்

குவாட்டர்பேக்கின் திறனை அளக்க ஒரு எறிதலுக்கு எத்தனை யார்டு என்று பார்ப்பார்கள். அதைத் திருத்திய அளவு ஒன்று பரவலாகப் பயன்பாட்டில் இருக்கிறது: மொத்த யார்டோடு டச்டவுன் ஒவ்வொன்றுக்கும் 20 யார்டைக் கூட்டி, இன்டர்செப்ஷன் ஒவ்வொன்றுக்கும் 45 யார்டைக் கழித்து, எறிதல்களின் எண்ணிக்கையால் வகுப்பது. 45 யார்டு என்பது பந்தை இழப்பதால் ஓர் அணிக்குச் சராசரியாக ஏற்படும் இழப்பின் மதிப்பீடு.

இதை அப்படியே ஃபேன்டசிக்குக் கொண்டுவாருங்கள். 25 யார்டுக்கு 1 புள்ளி என்றால் 45 யார்டுக்கு 1.8. அதாவது -2. 20 யார்டுக்கு 1 தரும் லீக்கில் 2.25. ஆகவே கழிவு 2 புள்ளிக்குக் குறையக் கூடாது என்று யார்டு கணக்கு மட்டுமே சொல்லிவிடுகிறது. -1 வைத்திருக்கும் லீக் பந்து இழப்பைப் பாதி விலைக்கு விற்றுக்கொண்டிருக்கிறது.

இங்கேயே நிறுத்திக்கொள்பவர்கள் பாதிக் கணக்கைத்தான் போடுகிறார்கள். அந்த அளவில் டச்டவுனின் கூடுதல் மதிப்பு 20 யார்டு. ஃபேன்டசி புள்ளியில் 0.8. நாமோ 4 கொடுக்கிறோம். 100 யார்டுக்குச் சமமான தொகை அது. உண்மையான ஆட்டத்தில் ஒரு இன்டர்செப்ஷன் இரண்டு டச்டவுன்களின் கூடுதல் மதிப்பை அழித்துவிடும். ஃபேன்டசியிலோ -2 வைத்தால் இரண்டு இன்டர்செப்ஷன் சேர்ந்தால்தான் ஒரு டச்டவுன் அழிகிறது.

டச்டவுனுக்கு அள்ளிக் கொடுப்பதைக் குறைக்க யாரும் சம்மதிக்கமாட்டார்கள். குறைக்கவும் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமையின் விறுவிறுப்பே அதில்தான் இருக்கிறது. பதிலாக, கழிவையும் கொஞ்சம் தூக்கி வையுங்கள். எவ்வளவு தூக்குவது என்பதை அடுத்த படி சொல்லும்.

5. பழைய பருவம் ஒன்றில் ஓட்டிப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். நான் எப்போதும் எடுப்பது 2019-ஆம் ஆண்டுப் பருவத்தை. ஜேமிஸ் வின்ஸ்டன் டாம்பா பே பக்கனீர்ஸுக்கு ஆடி 626 எறிதல்களில் 5,109 யார்டு, 33 டச்டவுன், 30 இன்டர்செப்ஷன் எடுத்தார். ஒரே பருவத்தில் இரண்டிலும் 30-ஐத் தொட்ட முதல் ஆட்டக்காரர் அவர். அதே ஆண்டு கிரீன் பே பேக்கர்ஸின் ஆரன் ராஜர்ஸ் 569 எறிதல்களில் 4,002 யார்டு, 26 டச்டவுன் எடுத்தார். இன்டர்செப்ஷன் 4 மட்டுமே. பேக்கர்ஸ் 16 ஆட்டங்களில் 13 வென்றது, பக்கனீர்ஸ் 7.

வெறும் யார்டைப் பார்த்தால் எறிதலுக்கு வின்ஸ்டன் 8.16, ராஜர்ஸ் 7.03. முந்தைய படியில் சொன்னபடி திருத்தினால் வின்ஸ்டன் 7.06, ராஜர்ஸ் 7.63. வரிசை தலைகீழாகிவிடுகிறது. வகுக்காமல் பருவம் முழுவதற்கும் திருத்திய யார்டைக் கூட்டிப் பார்த்தால் வின்ஸ்டன் 4,419, ராஜர்ஸ் 4,342. கிட்டத்தட்ட சமம்.

இப்போது ஃபேன்டசி. வின்ஸ்டன் 250 யார்டு ஓடி ஒரு டச்டவுனும், ராஜர்ஸ் 183 யார்டு ஓடி ஒரு டச்டவுனும் போட்டார்கள். 25 யார்டுக்கு 1, டச்டவுன் பாஸுக்கு 4 என்ற விதியில், எதையும் கழிக்கும் முன் வின்ஸ்டனுக்கு 367.36, ராஜர்ஸுக்கு 288.38. ஃபம்பிளையும் இரண்டு புள்ளி முயற்சிகளையும் இதில் சேர்க்கவில்லை. இன்டர்செப்ஷன் கழிவை மட்டும் மாற்றிக்கொண்டே போனால்:

-1 என்றால் வின்ஸ்டன் 337.36, ராஜர்ஸ் 284.38
-2 என்றால் வின்ஸ்டன் 307.36, ராஜர்ஸ் 280.38
-3 என்றால் வின்ஸ்டன் 277.36, ராஜர்ஸ் 276.38
-4 என்றால் வின்ஸ்டன் 247.36, ராஜர்ஸ் 272.38

திருத்திய யார்டில் இருவரும் ஏறக்குறைய எங்கே நிற்கிறார்களோ, -3 அவர்களை அங்கேயே கொண்டுவந்து நிறுத்துகிறது. -1 வைத்த லீக்கில் 30 முறை பந்தைத் தாரை வார்த்தவர் 53 புள்ளி முன்னால் நிற்கிறார். அந்த லீக்கில் ராஜர்ஸை வைத்திருப்பவர் முனகினால் அதில் நியாயம் இருக்கிறது.

ஒரே ஜோடியை வைத்து எண்ணை முடிவு செய்யாதீர்கள். அந்தப் பருவத்தில் தொடர்ந்து ஆடிய குவாட்டர்பேக்குகள் எல்லோரையும் தாளில் இறக்கி, -1 முதல் -4 வரை நான்கு பத்திகள் போட்டு, ஒவ்வொன்றிலும் வரிசை எப்படி மாறுகிறது என்று பாருங்கள். வின்ஸ்டன் ஓர் எல்லைக்கோட்டு உதாரணம். நடுவில் இருப்பவர்கள் அவ்வளவு ஆடமாட்டார்கள். எல்லோரும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் இன்டர்செப்ஷன் எறிந்தால் கழிவு எவ்வளவாக இருந்தாலும் வரிசை மாறாது. கழிவு பேசுவதெல்லாம் இரண்டு ஓரங்களில் இருப்பவர்களைப் பற்றித்தான்.

டச்டவுன் பாஸுக்கு 6 தரும் லீக்கில் இதே இருவரும் சமமாகும் இடம் -3-க்கும் -4-க்கும் நடுவில் விழுகிறது. அங்கே மட்டும் -4 கேட்பவருடைய வாதத்தைக் காது கொடுத்துக் கேட்பேன்.

6. ஒற்றை வாரத்தில் என்ன நடக்கும் என்று பாருங்கள்

பருவக் கணக்கில் அழகாகத் தெரியும் எண் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஆளை அடித்துவிடலாம். ஃபேன்டசி வாரம் வாரமாக ஆடப்படுகிறது என்பதால் இந்தச் சோதனை தனியாக வேண்டும்.

2017 நவம்பர் 19 அன்று பஃபலோ பில்ஸ் நேதன் பீட்டர்மேனை சார்ஜர்ஸுக்கு எதிராக இறக்கியது. முதல் பாதியிலேயே 5 இன்டர்செப்ஷன். 14 எறிதல்களில் 6 மட்டும் கைக்குப் போய், 66 யார்டு. எறிதலை மட்டும் எடுத்துக்கொண்டால் -2 வைத்த லீக்கில் அவருக்கு -7.36. -3 என்றால் -12.36. -4 என்றால் -17.36. கடைசி எண்ணை வாங்கியவர் ஒரு நல்ல குவாட்டர்பேக்கின் முழு நாள் உழைப்பை எதிரிக்குத் தானமாகக் கொடுத்ததற்குச் சமம். மற்ற எட்டு இடங்களிலும் எவ்வளவு நன்றாகத் தேர்ந்தெடுத்திருந்தாலும் பயனில்லை.

இன்னொரு கோணமும் உண்டு. திங்கள் இரவு ஆட்டத்துக்கு முன் நீங்கள் இரண்டு புள்ளி முன்னிலையில் இருக்கிறீர்கள். எதிரிக்கு ஆட ஆள் மிச்சமில்லை. உங்களுக்கு மிச்சம் குவாட்டர்பேக் மட்டும். கழிவு அதிகமாக இருந்தால் அவரை உட்கார வைத்துவிட்டு இடத்தைக் காலியாக விடுவதே பாதுகாப்பு. விதிப்படி தவறில்லை. ஆனால் ஆட்டக்காரரை ஆட வைப்பதைவிட ஆடாமல் வைப்பது லாபம் என்ற நிலையை எந்த விதியும் அடிக்கடி உண்டாக்கக் கூடாது. -2-இலும் -3-இலும் இது அபூர்வம். -4-இல் அதற்கான வாய்ப்பு கூடும்.

உண்மையான இழப்பு முழுவதையும் கழிக்காமல் இருக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. 17 புள்ளி பின்தங்கிய அணியின் குவாட்டர்பேக் கடைசி நிமிடங்களில் துணிந்து எறிந்துதான் ஆக வேண்டும். பாதி முடியும் நொடியில் எண்ட் சோனை நோக்கி வானத்தில் தூக்கி எறிந்த பந்து பிடிபட்டால் அவர் அணிக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பதிவேட்டில் அவையும் இன்டர்செப்ஷன்தான். எண்ணில் அதற்கு இடம் விட்டு வையுங்கள்.

7. ஃபம்பிளுக்கு அதே எண்ணைப் போடுங்கள்

ஃபம்பிள் சிறிய தவறு, இன்டர்செப்ஷன் பெரிய தவறு என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். களத்தைப் பாருங்கள். மூன்றாவது டவுனில் 40 யார்டு தள்ளி எறிந்த பந்து அங்கேயே பிடிபட்டால் அது ஏறக்குறைய ஒரு பன்ட் (பந்தைத் தொலைவாக எதிரணிக்கு உதைத்துக் கொடுப்பது) உதைத்ததற்குச் சமம். குவாட்டர்பேக்கைப் பின்னாலிருந்து வந்து அடித்துப் பந்தைத் தட்டிவிட்டால், எதிரணிக்கு அது கிடைப்பது அந்த முயற்சி தொடங்கிய கோட்டுக்கும் பின்னால். அவர்கள் டச்டவுனுக்கு அத்தனை யார்டு நெருங்கிவிட்டார்கள். ஃபம்பிளுக்குக் குறைவாகக் கழிக்க எந்தக் காரணமும் இல்லை.

அதிகமாகக் கழிக்கவும் வேண்டாம். பெரும்பாலான தளங்களில் ஃபம்பிள் எண் எல்லா ஆட்டக்காரர்களுக்கும் பொது. குவாட்டர்பேக்கை மனதில் வைத்து -4 போட்டால் ரன்னிங் பேக்கும் (பந்தோடு ஓடுபவர்) அதே அடியை வாங்குவார். -3 அவர்களுக்கும் பொருந்தும்: ஓடிப் போட்ட டச்டவுன் 6, அதில் பாதி 3.

நழுவிய எல்லா ஃபம்பிளுக்கும் கழிப்பதா, இழந்ததற்கு மட்டும் கழிப்பதா? இது உண்மையிலேயே யோசிக்க வேண்டிய கேள்வி. நழுவிய பந்தை யார் எடுக்கிறார்கள் என்பது பெரும்பாலும் அதிர்ஷ்டம். ஏறக்குறைய பாதிதான் எதிரணிக்குப் போகிறது. ஆகவே எல்லாவற்றுக்கும் -1 வைத்தாலும், இழந்ததற்கு -2 வைத்தாலும் நெடுநாளில் ஒன்றாகவே முடியும், முதலாவதில் அதிர்ஷ்டத்தின் பங்கு குறைவு. வின்ஸ்டன் 2019-இல் 12 முறை நழுவவிட்டு 5 இழந்தார்: ஒரு வழியில் -12, மறு வழியில் -10. அதே ஆண்டு லமார் ஜாக்சன் 9 முறை நழுவவிட்டு 2 மட்டும் இழந்தார்: -9, -4.

இவ்வளவு நியாயம் இருந்தும் நான் இழந்த ஃபம்பிள் பக்கமே நிற்கிறேன். சென்டர் (ஒவ்வொரு முயற்சியின் தொடக்கத்திலும் பந்தைக் குவாட்டர்பேக்குக்குப் பின்னால் கொடுப்பவர்) தலைக்கு மேலே போகும்படி ஸ்னாப் செய்த பந்தும் சில சமயம் குவாட்டர்பேக்கின் ஃபம்பிளாகப் பதிவாகிறது. அவரே பாய்ந்து அதை எடுத்துக்கொண்ட பிறகும் புள்ளி கழிந்தால் உறுப்பினர்களுக்கு விளக்கம் சொல்ல முடியாது. பந்து போனால் கழிவு, போகாவிட்டால் இல்லை என்பது டிவி பார்த்துக்கொண்டிருப்பவருக்குக் கணக்கில்லாமலே புரியும்.

8. பிக்-சிக்ஸுக்குத் தனிக் கழிவு வேண்டாம்

பிடித்த பந்தை எதிரணி திருப்பி ஓடி டச்டவுன் போட்டால் பிக்-சிக்ஸ். சில தளங்களில் இதற்குத் தனியாகக் கழிக்கும் வசதி இருக்கிறது. வசதி இருக்கிறதே என்று போட்டுவிடாதீர்கள்.

2019 டிசம்பர் 29. டாம்பாவில் பக்கனீர்ஸும் அட்லாண்டா ஃபால்கன்ஸும் 22-22 என்று கூடுதல் நேரத்துக்குப் போகின்றன. அதன் முதல் முயற்சியிலேயே வின்ஸ்டன் எறிந்த பந்தை டியான் ஜோன்ஸ் பிடித்து 27 யார்டு ஓடி டச்டவுன் போட, ஆட்டம் முடிந்தது. அது வின்ஸ்டனின் 30-ஆவது இன்டர்செப்ஷன், அந்தப் பருவத்தில் 7-ஆவது பிக்-சிக்ஸ். உங்களிடம் வின்ஸ்டன், எதிரியிடம் அட்லாண்டா டிஃபென்ஸ் (அணியின் தடுப்பாட்டக்காரர்கள் ஒரே தேர்வாக) என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான விதியில் டிஃபென்ஸுக்கு இன்டர்செப்ஷனுக்கு 2, டச்டவுனுக்கு 6 என்று 8 புள்ளி. உங்களுக்கு -3. ஒரே எறிதலில் 11 புள்ளி இடைவெளி. இதற்கு மேல் இன்னும் -2 சேர்ப்பதால் நியாயம் கூடிவிடாது.

பிடித்தவர் எவ்வளவு தூரம் ஓடுவார் என்பது குவாட்டர்பேக்கின் கையில் அதிகம் இல்லை. தவறு எறிதலில் முடிந்துவிட்டது. அதற்கு விலையும் கொடுத்தாயிற்று. பெரும்பான்மை பிடிவாதமாகக் கேட்டால் -1 போடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

சாக்குக்கு (எறியும் முன் குவாட்டர்பேக்கை வீழ்த்துவது) கழிக்கும் லீக்குகள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். சாக் -1, ஃபம்பிள் -1, இழந்த ஃபம்பிள் -3 என்று மூன்று வரிகள் இருந்தால் பந்தைத் தட்டிவிட்ட ஒரே அடிக்கு -5 போகும். ஒவ்வொரு வரியும் தனியாகப் பார்க்கச் சிறியதுதான். ஒரே நிகழ்வில் எத்தனை வரிகள் ஒன்றாக இயங்கும் என்று கூட்டிப் பார்த்த பிறகே சேமியுங்கள்.

9. ஓடும் குவாட்டர்பேக்கும் சூப்பர்ஃப்ளெக்ஸும்

கழிவை ஏற்றினால் எல்லா இன்டர்செப்ஷன்காரர்களும் கீழே போய்விடுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். 2023-இல் ஜாஷ் ஆலன் 18 இன்டர்செப்ஷன் எறிந்தார், டாக் பிரெஸ்காட் 9. ஆனால் ஆலன் 524 யார்டு ஓடி 15 டச்டவுன் போட்டார். ஓட்டத்தில் மட்டும் 142.4 புள்ளி. ஃபம்பிளை விட்டுவிட்டுப் பார்த்தால் -4 வைத்தும் ஆலன் 358.64, பிரெஸ்காட் 324.84. இது கழிவின் குறை இல்லை. ஆலன் கொடுத்ததைவிட எடுத்தது அதிகம். ஓடுபவர்களை இறக்குவதற்காக இன்டர்செப்ஷன் எண்ணை ஏற்றுவது தவறான திருகைத் திருகுவது.

சூப்பர்ஃப்ளெக்ஸ் லீக்கில், அதாவது இரண்டாவது குவாட்டர்பேக்கையும் இறக்க அனுமதிக்கும் லீக்கில், -2 போதும். 12 அணி லீக்கில் வாரம் 24 குவாட்டர்பேக் வரை ஆடுவார்கள். என்.எஃப்.எல்.லில் இருப்பதே 32 அணிகள். பட்டியலின் அடிப்பகுதியில் இருப்பவர்கள் அதிகம் பந்து இழப்பவர்கள். -3 அவர்களை ஒன்றுக்கும் உதவாதவர்களாக்கி, டிராஃப்டில் (உறுப்பினர்கள் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாளில்) முதல் ஐந்து பேரை எடுத்தவர்களுக்கு மேலும் சாதகமாகிவிடும்.

10. தளத்தில் பதிவது

மைனஸ் குறியைப் போட மறப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது. சில தளங்கள் குறி இல்லாமலும் எண்ணை ஏற்றுக்கொள்ளும், பிறகு ஒவ்வொரு இன்டர்செப்ஷனுக்கும் புள்ளி கூடும். முதல் வாரம் ஆட்டம் தொடங்கிய பிறகே யாராவது கண்டுபிடிப்பார்கள்.

"ஃபம்பிள்", "இழந்த ஃபம்பிள்" என்ற இரண்டு வரிகளையும் தேடுங்கள். முதலாவதை 0 ஆக்கிவிட்டு இரண்டாவதில் மட்டும் -3 போடுங்கள். இரண்டிலும் எண் இருந்தால் இழந்த ஒவ்வொன்றுக்கும் இரட்டைக் கழிவு.

பின்னப் புள்ளி இயங்குகிறதா என்றும் பாருங்கள். அது நின்றிருந்தால் 24 யார்டுக்கு ஒன்றும் கிடைக்காது, கழிவு மட்டும் முழுதாகப் போகும். வெற்றி உறுதியானதும் குவாட்டர்பேக் முட்டி போட்டு நேரத்தைக் கரைக்கும்போதும் அவருக்கு வழக்கமாக -1 யார்டு ஓட்டம் பதிவாகிறது, அதுவும் 0.1 புள்ளியைத் தின்னும். இதைப் பந்து இழப்போடு குழப்பிக்கொண்டு முறையிடுபவர்கள் உண்டு.

சேமித்த பிறகு, முந்தைய பருவத்தின் ஒரு குவாட்டர்பேக்கை எடுத்துத் தளம் காட்டும் புள்ளியையும் உங்கள் தாளில் உள்ள புள்ளியையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் இரண்டு புள்ளி முயற்சிகளை முதலில் சந்தேகியுங்கள், பிறகு ஃபம்பிள் வரியை.

11. எப்போது மாற்றுவது, பிழை திருத்தத்துக்கு என்ன செய்வது

விதியை டிராஃப்டுக்கு முன்பே மாற்றி, எல்லோருக்கும் எழுத்தில் அனுப்பிவிடுங்கள். டிராஃப்டில் ஒருவர் கொடுக்கும் விலை அன்றைய விதியை நம்பிக் கொடுப்பது. பருவத்தின் நடுவில் எண்ணைத் தொட்டால், எவ்வளவு நல்ல எண்ணாக இருந்தாலும், யாரோ ஒருவருடைய சட்டைப்பையிலிருந்து எடுத்து இன்னொருவருக்குக் கொடுப்பதாகிவிடும். கீப்பர், டைனஸ்டி லீக்குகளில் ஆட்டக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் ஒரே கையில் இருப்பதால், மாற்றம் அடுத்த பருவத்திலிருந்து என்று ஓராண்டு அவகாசம் தருவது முறை.

கடைசியாகப் புள்ளிவிவரத் திருத்தம். ஞாயிற்றுக்கிழமை ஃபம்பிள் என்று பதிவானது வார நடுவில் முழுமையடையாத பாஸ் என்று மாறலாம். பின்பக்கமாக எறிந்த பந்தா முன்பக்கமாக எறிந்த பந்தா என்பதில் இந்தக் குழப்பம் வருகிறது. கழிவு -3 ஆக இருக்கும்போது அப்படி ஒரு திருத்தம் ஆட்டத்தின் முடிவையே புரட்டிவிடும். தளம் திருத்தினால் லீக்கும் ஏற்கும், திருத்தாவிட்டால் கமிஷனர் தானாகக் கையால் மாற்றமாட்டார் என்று முன்கூட்டியே விதித்தாளில் எழுதிவையுங்கள். பரிசுப் பணத்தையும் அந்தத் திருத்தங்கள் வந்து முடியும்வரை பிரித்துக் கொடுக்காதீர்கள்.